முப்பத்தெட்டுப் பேருக்குச் சமைத்த சனிக்கிழமை

என் மனைவி ஸ்டெல்லா என்னைத் திட்டுவதை நிறுத்திப் பதினோரு நாளாகியிருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

என்னைத் தெரிந்த சபையாருக்கு இதன் கனம் புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறேன். லிஃப்ட் சர்வீஸ் வேலை. என் வாயும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. இருபத்தெட்டு வருடமாக இந்த இரண்டையும் அடக்கி வைத்திருந்தது ஸ்டெல்லாவின் திட்டுதான்.

போன வருடம் நவம்பரில் அவளுக்கு டைபாய்டு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. காய்ச்சல் போய்விட்டது, பசி திரும்பி வரவில்லை. இட்லியை வாயருகே கொண்டுபோனாலே குமட்டல். கஞ்சி இரண்டு கரண்டி இறங்கும், மூன்றாவதற்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. டிசம்பர் முதல் வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சாப்பாடு இறங்காவிட்டால் மறுபடி சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும்.

எங்கள் ஒரே மகள் துபாயில் இருக்கிறாள். வீடியோ காலில் அழுதாள். நான் ஜோக் அடித்தேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். கட்டிலருகே போய் அவள் தட்டைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி ஃபிரிட்ஜ். பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்கா தினமும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஊட்டா ஆய்தா?” என்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் இந்த ஊரில் வணக்கம். “ஆய்து, ஆய்து” என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். பெங்களூர் முழுக்க ஜனங்களை மேலே ஏற்றிவிடுகிறவன், சொந்த வீட்டில் ஒருத்தியைக் கட்டிலிலிருந்து எழுப்ப முடியவில்லை.

ஜெபித்தீரா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். சிக்னலில் வண்டி நிற்கும்போது, லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது. முழங்கால் போட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து அவள் தட்டைப் பார்க்கப் போய்விடுவேன். ஆண்டவரிடம்கூட நேராகப் பேசவில்லை. “பார்த்துக்குங்க சார்” என்று அபார்ட்மெண்ட் செக்ரட்டரியிடம் சொல்வதுபோல் சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு போன். எங்கள் கேரல் குழுவின் செயலாளர் ஜெயராஜ்.

“ஸ்தோத்திரம் அண்ணே. இன்னிக்குச் சாப்பாடு உங்க வீட்டுலதானே? முப்பத்தெட்டு பேர் வர்றோம்.”

“என்ன சாப்பாடுப்பா?”

“கேரல் சாப்பாடுண்ணே! அக்டோபர்ல லிஸ்ட்ல நீங்கதானே எழுதுனீங்க? மட்டன் பிரியாணின்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க.”

டிசம்பர் சனிக்கிழமைகளில் கேரல் குழு மத்தியானமே கிளம்பி வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும். ஏழு மணிக்குக் கடைசி வீட்டில் சாப்பாடு. அதற்கு ஒரு லிஸ்ட் உண்டு. முந்தின வருடம் ஜெயராஜ் வீட்டில் லெமன் சாதமும் அப்பளமும் போட்டார்கள். அதை வைத்து வருடம் முழுக்க அவனைக் கிண்டல் செய்தவன் நான். பிரியாணிக்கு இரண்டு கோடு போட்டதும் அந்தக் கொழுப்பில்தான்.

“ஸ்டெல்லா அக்காவுக்குப் பரவால்லதானே? போன ஞாயித்துக்கிழமை கேட்டப்ப, சூப்பரா இருக்கா, ஃபிகர் மெயின்டெயின் பண்றான்னு சொன்னீங்களே.”

சொன்னேன்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “வாங்கப்பா, வாங்க” என்றது என் வாய்.

ஹோட்டலில் வாங்கிவிடலாமே என்பீர்கள். முடியாது. கேரல் சாப்பாடு வீட்டில் சமைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது கமிட்டித் தீர்மானம். ஒரு வருடம் பார்சல் சாப்பிட்டு, டெனர் பாடுகிற ஆண்களில் பாதிப் பேர் வயிறு கெட்டு ஆராதனைக்கு வராமல் போனதால் வந்த தீர்மானம். கை தூக்கி, அரை மணி நேரம் பேசி, அதைக் கொண்டுவந்த புண்ணியவான் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாடிக்குப் போய் ஜெபித்தேன். “ஆண்டவரே, நல்ல மழையா ஒண்ணு அனுப்பும்.” வெயில் சுள்ளென்று அடித்தது.

கடைக்கு ஓடினேன். ஆறு கிலோ மட்டன், வெங்காயம், அரிசி, வாடகைக்கு ஒரு பெரிய தேக்சா. ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் பின்வாசலில் அடுப்பு வைத்தேன். எனக்குச் சமையலில் தெரிந்தது ஆம்லெட். அதுவும் திருப்பும்போது கிழியும். கறியை இஞ்சி போட்டு வேகவைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

நறுக்கியதை எண்ணெயில் போட்ட பிறகும் நிற்கவில்லை. அது வெங்காயக் கண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அந்த ஈரத் தரையிலேயே முழங்கால் போட்டேன். அன்றைக்கு ஜோக் எதுவும் வரவில்லை. “ஆண்டவரே, பிரியாணி எப்படிப் போனாலும் போகட்டும். ஜெயராஜ் சிரிக்கட்டும், ஊரே சிரிக்கட்டும். ஸ்டெல்லா சாப்பிடணும். அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. பயமாக இருக்கிறது.” பயமாக இருக்கிறது என்ற வார்த்தையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தடவை எழுந்து ஓடவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. எண்ணெயில் போட்ட வெங்காயத்துக்குத்தான் தெரியும்.

“வெங்காயம் தீயுது.”

உள்ளேயிருந்து குரல். நான் அசையவில்லை.

“ஏங்க! செவிடா? வெங்காயம் தீயுதுன்னு சொல்றேன்!”

சுவரைப் பிடித்துக்கொண்டு, நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, ஸ்டெல்லா பின்வாசலில் நின்றாள். பதினோரு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்து முறைத்தாள்.

“யாருக்கு இவ்ளோ பெரிய தேக்சா? கல்யாணமா? யாருக்கு, உங்களுக்கா?”

உண்மையைச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேர் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். “அந்தக் கையாலேயே லிஸ்ட்ல எழுதுனீங்க, அந்தக் கையாலேயே கோடு போட்டீங்க. சேர் கொண்டாங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆட்டிவைத்தாள். கருகியதைக் கொட்டச் சொன்னாள். புதினா பத்தாது, தயிரை இப்போது ஊற்றாதீங்க, கரண்டியை அப்படியா பிடிப்பீங்க, அது என்ன ஸ்பேனரா? பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். “அந்தக் கறித்தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. உப்பு பாக்கணும்.”

ஊற்றினேன். நக்கினாள். முகம் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

“உப்பு இல்ல.” போட்டேன். மறுபடி கை. “இன்னும் கொஞ்சம்.” மறுபடி கை. நான்காவது தடவை நீட்டியபோது, உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன்.

“காலைல வடிச்ச சோறு இருக்கா?” என்று கேட்டாள். குழைத்துப் பிசைந்து, கறித்தண்ணி ஊற்றி, மிளகு தூவிக் கொடுத்தேன். சின்னக் கிண்ணம் நிறைய. நான் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். “ஒரு இடத்துல நில்லுங்களேன், சாப்பிட முடியல” என்றாள். நின்றேன். கிண்ணம் காலியாயிற்று. அரை மணி நேரம் காத்திருந்தேன். குமட்டல் வரவில்லை.

ஸ்தோத்திரம் என்ற வார்த்தையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்று அந்தக் காலிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னதுதான் முதல் தடவை மாதிரி இருந்தது.

ஏழு மணிக்குக் கேரல் குழு வந்தது. முப்பத்தெட்டு இல்லை, நாற்பத்தொன்று. மேற்பார்வை நன்றாக இருந்தாலும் தண்ணீர் அளந்தது அடியேன். ஜெயராஜ் ஒரு கரண்டியைத் தூக்கிப் பார்த்து, “அண்ணே, இது பிரியாணியா, இல்ல மட்டன் பொங்கலா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கதவருகே ஸ்டெல்லாவும் சிரித்தாள். ஜெயராஜ் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. “அக்கா... இவ்ளோ இளைச்சிட்டீங்க. எங்களுக்கு யாரும் சொல்லலையே” என்றான். எல்லார் முன்னாலும் நான் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். அவர்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே அவளுக்காக ஜெபித்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் அவளை எடை பார்த்தார். குழாய் வேண்டாம் என்றார். கறித்தண்ணி விஷயத்தைக் கேட்டு, டைபாய்டு வந்த வயிற்றுக்கு மட்டனா என்று என்னைத் திட்டினார். மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு சாயந்தரமும் ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ரசம், பருப்புக் கடைசல், மஞ்சுளா அக்காவின் ராகி முத்தே உருண்டை. சாயந்தரச் சமையல் இப்போது என் பொறுப்பு. யாராவது “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் முதலில் உண்மையைச் சொல்கிறேன், பிறகு ஜோக் அடிக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டில் இருக்கலாம். என்னைப்போல் நீங்களும் நடந்துகொண்டே இருக்கலாம். அழகான ஜெபம் அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் மழை கேட்டேன், அவர் தரவில்லை. பயமாக இருக்கிறது என்றேன், அதைக் கேட்டார்.

நேற்று மீன் குழம்பு வைத்தேன். ஸ்டெல்லா சாப்பிட்டு முடித்து, தட்டை என் முன்னால் தள்ளி, “இன்னொரு துண்டு போடுங்க” என்றாள். தயங்கவில்லை, வெட்கப்படவில்லை. இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நீங்களும் ஆண்டவரிடம் அப்படியே கேளுங்கள்.