நல்ல காரியத்தில் எள் வைத்தவன்

மலை மேல் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளியில் மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது என் நண்பன் காசியின் மனைவி அமுதா போனில் கூப்பிட்டாள். என் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல அவள். "ண்ணா, உங்க ஃப்ரெண்டு போயிட்டாருண்ணா. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டு அடுத்த பேருந்தில் மலை இறங்கினேன். நான் கச்சிராயபாளையம் வந்து சேர்வதற்குள் கடைவீதியில் பேனர் கட்டிவிட்டார்கள். 'சமையல் கலை மேதை காசிலிங்கம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. உயிரோடு இருந்தவரை அதே கடைவீதி அவனை 'எள்ளு காசி' என்றுதான் கூப்பிட்டது.

வாழ்நாள் முழுக்க 'டா' போட்டுப் பேசியவனை, இறந்துபோனான் என்பதற்காக 'அவர்' என்று எழுத என்னால் முடியாது. பேனர் கட்டியவர்கள் அந்த மரியாதையைச் செய்துகொள்ளட்டும்.

காசி பன்னிரண்டு ஆண்டுகள் ஜப்பானில் சமையல் வேலை பார்த்தான். திரும்பி வந்ததும் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினான், கோமுகி அணைக்குப் போகும் சாலையில் வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்குச் சாம்பார், வடை, பாயசம் எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவற்றோடு ஒவ்வோர் இலையிலும் ஒரு சின்னக் கிண்ணம். அதில் சந்தன நிறத்தில் கெட்டியாக ஒரு சாறு. பக்கத்தில் வேகவைத்து ஆறவைத்த பீன்ஸும் வெண்டைக்காயும். தொட்டுச் சாப்பிட வேண்டும்.

அவனுடைய அண்ணன் துரைசாமி கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். "இது இன்னாடா?"

"எள்ளுண்ணா. சப்பான்ல வூட்டுக்கு வந்தவங்களுக்கு வெக்கிறது."

"நல்ல காரியத்துல எள்ளா? எவன் செத்துட்டான்னு எள்ளக் கொண்டாந்து வெக்கிற?"

பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார். கைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. "பக்கத்துல கொஞ்சம் தண்ணியும் வெச்சிட்டா கருமாதியே முடிஞ்சிடும்" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். யார் எந்த வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள் என்று இன்றும் என்னால் எழுதிக் காட்ட முடியும். அமுதா இதே ஊரில் இருந்தாக வேண்டும் என்பதால் எழுதவில்லை.

அந்த வரிசையில் நானும் இருந்தேன். ராகுகாலம் பார்க்காதவன், ஜாதகம் எழுதாதவன், இரண்டு பட்டம் வாங்கியவன். பக்கத்து இலைக்காரர் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளியதும் என் விரலும் என் கிண்ணத்தைத் தள்ளியது. சாயங்காலம் காசி என்னைத் தனியே பிடித்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை.

"அண்ணனுக்கு எள்ளப் பாத்தா சாவு ஞாபகம் வருது, சரி. உனக்கு இன்னாடா ஞாபகம் வந்துச்சு, வாத்தியாரே?"

 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாகவே அவன் வீட்டுக்குப் போனேன். சமையற்கட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தான். வெள்ளை எள்ளை இரும்புச் சட்டியில் போட்டு, தணிந்த நெருப்பில் கைவிடாமல் கிளறினான். "நாலஞ்சு எள்ளு வெடிச்சா போதும், எறக்கிடணும். வாசன தூக்கலா வரட்டும்னு நின்னா கசந்துடும்" என்றான். மிக்ஸியில் அரைக்க விடமாட்டான். "மிக்ஸி சூடு ஏத்தி எண்ணயக் கக்க வெச்சிடும்" என்பான். ஜப்பானில் உட்புறம் வரிவரியாகக் கீறிய மண் கிண்ணத்தில் இதை அரைப்பார்களாம். அவன் கொண்டுவந்தது விமானத்திலேயே உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாக அம்மியை அடிக்கடி கொத்தி வைத்துக்கொண்டான். புதிதாகக் கொத்திய அம்மியில் எள் வழுக்காமல் பிடிபட்டு, மெல்ல வெண்ணெய்போல் குழைந்தது. அதில் சோயா சாஸ், சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு. கடைசியாக, தலை கிள்ளிய நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து வடித்த தண்ணீர். ஜப்பான்காரர்களும் காய்ந்த நெத்திலியைத்தான் போடுவார்கள் என்றான். விழாவன்று கருவாட்டை விட்டுவிட்டுச் செய்திருந்தானாம். அந்த அளவுக்கு ஊருக்கு மரியாதை கொடுத்தவன்தான். வெண்டைக்காயைத் தொட்டு வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு, பிறகு உப்பு, விழுங்கிய பின் வறுத்த எள்ளின் மணம். ஒரு கிண்ணம் முழுவதையும் வழித்துத் தின்றேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த விழாவுக்குப் பிறகு காசிக்குக் கல்யாணச் சமையல் வரவில்லை. வந்தவை பதினாறாம் நாள் சாப்பாடுகள் மட்டும். எள்ளை விட்டுவிட்டால் கல்யாண ஆர்டர் பிடித்துத் தருவதாகத் துரைசாமி ஆள் அனுப்பினார். காசி விடவில்லை. காதுகுத்து, மஞ்சள் நீர், நிச்சயதார்த்தம் என்று உறவில் எந்த விசேஷம் நடந்தாலும் ஒரு தூக்கில் அதை எடுத்துக்கொண்டு போனான். மூடி திறக்காமலே தூக்கு வீடு திரும்பும். நான்தான் ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்: "முந்திரி அரைச்சதுன்னு சொல்லி வையேன்டா. நக்கித் தின்னுவானுங்க."

"தின்னுவானுங்க. பேர மாத்தி வெக்கிறதுக்கா அங்க போயி பன்னெண்டு வருஷம் வெந்துக்கினு கெடந்தேன்? நல்ல நாள்ல, எள்ளுன்னு சொல்லி வெச்சி, அத ஒருத்தன் திங்கணும். அதான்டா எனக்கு வேணும்."

அது நடக்கவில்லை.

பதினாறாம் நாள் காலை, ஆற்றங்கரையில் பங்காளிகள் வரிசையாக நின்று அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அவன் கையிலிருந்து எள்ளை வாங்க மறுத்த அதே விரல்கள். துரைசாமி தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்குச் சேரவேண்டியது அது அல்ல. நான் இறைக்காமல் காசியின் வீட்டுக்குத் திரும்பி, அவன் அம்மியில், அவன் சொன்ன பக்குவத்தில் எள்ளை அரைத்தேன்.

படையல் போடும்போது கிண்ணத்தோடு போனேன். துரைசாமி குறுக்கே வந்தார். "சார், அது வேணாங்க. ஊரு சிரிக்கும்."

"காலையில எள்ளு எறைச்சீங்களே, அப்ப ஊரு சிரிக்கலியா?"

"அது சாங்கியங்க."

"இது சாப்பாடு."

அமுதா எழுந்து வந்து என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். படையல் பக்கம் போகவில்லை. நேராகப் பந்திக்குப் போய், முதல் இலையில் ஒரு கரண்டி வைத்தாள். "எள்ளுங்க. அவரு செய்யிற மாதிரி. வேணான்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். கணவனைப் பறிகொடுத்தவளிடம் அன்று யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? எல்லோரும் தின்றார்கள். துரைசாமி குனிந்த தலை நிமிராமல் தின்றார். "நல்லாத்தான் இருக்குது, இல்ல?" என்று யாரோ யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது.

நான் அதில் மகிழவில்லை. கருமாதியில் எள் தின்பதற்கு யாருக்கும் துணிச்சல் வேண்டியதில்லை. காசி கேட்டது நல்ல நாள்.

அவனை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வருகிற தை மாதம் சங்கராபுரத்தில் என் மகளுக்குக் கல்யாணம். இலையில் என்ன இருக்கும் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள். என் மகள், "சம்மதம்னா வாங்க" என்று அவர்களிடமே சொன்னாள். வருகிறார்கள். பேனர் கட்டியவர்கள் உட்பட உங்கள் அனைவருக்கும் பத்திரிகை வரும். பரிமாறப்போவது அமுதா. காசியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவனுடைய பிடிவாதத்தை. அதைத்தான் உங்கள் இலையில் வைக்கப்போகிறேன். தள்ளுவதானால் என் முகத்தைப் பார்த்துத் தள்ளுங்கள்.