இடது காலுக்கு வேலையில்லாத லாரி

கிணத்துக்கடவில் எனக்குத் தெரிந்த தேங்காய் வியாபாரி ஒருவர் போன வருடம் புது லாரி வாங்கினார். கிளச் மிதி கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர், பிரேக் என்று இரண்டே மிதிகள். இரண்டுக்கும் வலது கால் போதும். இடது காலுக்கு இனி உத்தியோகம் இல்லை. நான் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதால் அந்தக் காலின் நிலைமை எனக்கு உடனே புரிந்தது.

பூசைக்கு என்னையும் அழைத்திருந்தார். அவருடைய லாரிகள் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வந்தபோதெல்லாம் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு அதையே நட்பு என்று வைத்துக்கொண்டார். பீளமேட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

முன் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. முப்பது வருடமாக அந்த வீட்டு லாரியை ஓட்டும் டிரைவர் புதுச் சட்டை போட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. என்ஜின் சத்தம் ஏறியது. அடுத்த நொடி, குத்தி நின்றது. அவருடைய இடது கால், கிளச் என்று நினைத்துப் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துவிட்டது.

"ஏனுங்க, பழம் நசுங்குலீங்க!" என்றார் முதலாளியின் மனைவி.

"பாதி நசுங்கியிருக்குது அம்மணி" என்றார் முதலாளி. குரலில் பாதிச் சமாதானம்கூட இல்லை.

மத்தியானத்துக்குள் கொப்பரைக் களத்தைச் சுற்றி ஓட்டியதில் இன்னும் ஐந்து முறை மிதித்தார். முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. பழைய வண்டியையும் குடுத்துப்போட்டமுங்க. இந்த வண்டி ஓட்டிப் பழகுன வேற ஆள வெச்சுக்கறனுங்க. நீங்க தோப்புல டிராக்டர் ஓட்டுங்கண்ணா."

எங்கள் பக்கத்தில் ஒருவரை லாரியிலிருந்து இறக்குவதும் 'ங்க' போட்டுத்தான்.

"முப்பது வருசம் கேரளா லைன் ஓட்டுனவனுங்க நானு. டிராக்டர்ல உக்காந்தா தோப்புல மேயற மாடு சிரிக்குமுங்க" என்றார் டிரைவர். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

முதலாளிக்கும் மனம் கேட்கவில்லை. கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தார். வியாழக்கிழமை உடுமலைப்பேட்டை மண்டிக்குக் கொப்பரை போகிறது. டிரைவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன், முதலாளி காரில் பின்னால் வருவார். காரணமில்லாமல் ஒரு முறை பிரேக் விளக்கு எரிந்தாலும் டிராக்டர்தான்.

இரண்டு நாள் இருந்தது. வண்டியோடு வந்த, யாரும் உறை பிரிக்காத கையேட்டை முழுவதும் படித்தேன். பதினோரு படிகள் கொண்ட செயல்முறை ஒன்றை எழுதினேன். மூன்றாவது படி: இடது காலைத் தரையில் ஊன்றி வைத்து, எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது. டிரைவர் பயபக்தியோடு படித்தார். கால் படிக்கவில்லை. களத்தில் மறுபடியும் மறுபடியும் குத்தி நின்றது. எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. பணியில் இருந்த காலத்துக் குரலில் ஐந்து சுற்று விடாமல் திட்டினேன்.

ஐந்தாவது சுற்று முடிந்ததும் அவரே வண்டியை நிறுத்தினார்.

"சார், நீங்க திட்டறப்ப ஒருக்காக்கூட மிதிக்கலீங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மை.

"தப்பு கால் மேல இல்லீங்க சார். காதுதானுங்க. என்ஜின் ஒரு மாதிரி கூவுச்சுன்னா கால் தானாப் போயிருதுங்க. நீங்க கத்துனா அந்தச் சத்தம் காதுல உழுகறதில்லீங்க. நாளைக்கு உடுமலை வரைக்கும் எதாச்சும் பேசிக்கிட்டே வாங்க சார்."

என் பதினோரு படிகளில் காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறதா என்று வாழ்நாள் முழுவதும் சரிபார்த்தவன் நான். ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை கிளம்பியதிலிருந்து பேசினேன். பாரம் பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம், ஒளிரும் பட்டையை எங்கே ஒட்ட வேண்டும், எந்த ஹாரனுக்குத் தடை, வழியில் நிறுத்தினால் எந்தக் காகிதத்தை முதலில் நீட்ட வேண்டும். வீட்டில் என் பேச்சை ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்க ஆளில்லை. இவர் கோமங்கலம் தாண்டும்வரை "ஆமாங்க", "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் கண் மட்டும் அவருடைய இடது காலிலேயே இருந்தது.

அதற்குப்பின் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்தேன். மூடியைத் திருகும்போதுதான் நினைவு வந்தது: சில நிமிடங்களாக வண்டிக்குள் பேச்சே இல்லை. வேகத்தடைகளில் கியர் இறங்கியிருக்கிறது, ஏறியிருக்கிறது. இடது கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

உடுமலை எல்லையில் ஒரு ஸ்கூட்டர், வாழைத்தாரை முன்னால் வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். என் கைப்பேசி அடித்தது. பின்னால் காரில் வரும் முதலாளி.

"லைட் எரிஞ்சுதுங்க சார். மிதிச்சுப்போட்டாருங்களா?"

"ஸ்கூட்டர். வலது கால்."

"நீங்க மழுப்பறீங்க."

"முப்பது வருட வேலையில் நான் எந்த வண்டியையாவது மழுப்பித் தேறவைத்திருக்கிறேனா?"

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

மண்டிக்குள் லாரி நின்றதும் முதலாளி காரிலிருந்து விறுவிறுவென்று வந்தார்.

"எறங்குங்கண்ணா. இந்த வண்டியில வலது கால்ல மட்டும் ஓட்ட முடியுமான்னு நானே பார்க்கறேன்."

இளவயதில் சொந்த லாரியைத் தானே ஓட்டியவர்தான். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஏறினார். லாரி பத்தடி நகர்ந்தது. என்ஜின் கூவியது.

மேலே இருந்த கொப்பரை மூட்டைகள் கேபினில் வந்து மோதிய சத்தத்துக்கு மண்டி ஆட்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். முதலாளியின் மூக்குக்கண்ணாடி டேஷ்போர்டில் கிடந்தது.

டிரைவர் கீழே நின்றபடி மிக மரியாதையாகக் கேட்டார்: "மொதலாளி, தோப்புல இன்னொரு டிராக்டர் இருக்குதுங்களா?"

முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரம் அந்த இரண்டு மிதிகளையும் குனிந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எர்ணாகுளம் லோடு இருக்குது. நீங்களே ஏத்திட்டுப் போயிருங்கண்ணா" என்றார். இறங்காமல் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொண்டார். "கால எங்க வெக்கறீங்கன்னு எனக்கும் காட்டுங்க."

பாரம் இறக்கிய பிறகு இருவரும் லாரியில் கிளம்பினார்கள். முதலாளியின் காரை முன்னால் ஓட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அது மூன்று மிதிகள் உள்ள கார். மண்டி வாசலில் ஒரு மாட்டு வண்டிக்காக நிறுத்தினேன். இரண்டு நாளாக அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் இடது கால் தரையில் ஊன்றியபடியே இருந்துவிட்டது. கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது.

பின்னால் வந்த லாரியிலிருந்து ஹாரன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏனுங்க சார், அதுல கிளச் இருக்குதுங்க!"