சித்தப்பா போட்ட வட்டங்கள்

எங்கள் சித்தப்பா எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யமாட்டார். பல்பு மாற்றுவதற்கே ஒரு வாரம் யோசிக்கிற ஆள். வீட்டு வெளிச்சுவரின் பழைய பூச்சில் கெட்டியாக நிற்பதை விட்டுவிட்டு, தளர்ந்ததை மட்டும் எடுக்கவேண்டும் என்று முடிவானதும், சமையல் கரண்டியும் சாக்பீஸுமாகக் கிளம்பிவிட்டார். கரண்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், உள்ளே காலியாகச் சத்தம் வந்தால் அங்கே ஒரு வட்டம் போடுவார். சித்தியோ கரண்டியைத் தேடித் தினமும் வாசலுக்கு வருவாள்.

சுவர் முழுக்க வட்டமாகிப் போனதும் அவருக்கே அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கெட்டியான இடங்களுக்கு மட்டும் வட்டம் போட்டார். அதுதான் கொஞ்சமாம், வேலை மிச்சமாம்! மகா புத்திசாலி, வட்டம் போட்ட இடத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி வைத்திருந்த கொத்தனாரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்தால், கொத்தனார் வியர்த்து விறுவிறுத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

“வட்டம் போட்ட இடம் பூரா எடுத்தாச்சு சார். அப்பப்பா, என்னா கெட்டி! உளியே மழுங்கிப்போச்சு.”

சித்தி ஜன்னலோரம் கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“அந்தச் சுவத்துல உருப்படியா இருந்ததே அது மட்டுந்தான். அதையும் பிளான் போட்டு எடுத்துட்டீங்களே!”