லிஃப்ட்காரரும் முதல் பாடகரும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டாலே போதும், மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். விருந்துக்குப் போன வீட்டிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். எங்களை வழியனுப்ப வருகிறவர்கள் அதன்பின் படிக்கட்டில்தான் இறங்குவார்கள். தன் காதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கர்வம்.

மனுஷனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. புரோக்ரெசிவ் ராக் என்று ஒரு வகை இசை. அதில் ஒரு பாட்டு ஆரம்பித்தால், நான் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. அப்படி வாசிக்கும் குழு ஒன்று ஐம்பது வருஷமாக இருக்கிறது. அதற்கு இரண்டு காலங்கள். முதல் பாடகர் இருந்த காலத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நடுவில் புல்லாங்குழல் வரும், இடி வரும், சும்மாவும் இருப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டு போனபின் இரண்டாம் பாடகர் வந்தார். பாட்டுகள் சின்னதாயின, வேகமாயின. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வாக்கப்பட்ட இடம் அப்படி.

இவர் முதல் காலத்தின் பக்தர். என் அண்ணன் இரண்டாம் காலம். அண்ணன் பல் செய்கிறவன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், அவன் தன் பட்டறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பான். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் கூட்டாளிகள். இவர் எங்கள் வீட்டுக்கு அண்ணனின் கேசட்டைத் திட்டுவதற்காக வந்துபோய்க்கொண்டிருந்தவர்தான். திட்ட வந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

முதல் சம்பளத்தில் இவர் வாங்கிய பழைய ரெக்கார்ட் பிளேயர் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அதில் முதல் காலத்துத் தட்டுகள் மட்டுமே சுற்றும். வேறெதற்கும் அனுமதி கிடையாது. இருபத்தைந்து வருஷமாக ஞாயிறு காலையில் அண்ணன் வருவான், இவர் தட்டைப் போடுவார், சண்டை தொடங்கும், மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கும் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஞாயிறு மாதிரியே இருக்காது.

போன வருஷம் அந்தக் குழு கடைசியாக ஒரு சுற்று வாசிக்கப்போவதாக அறிவித்தது. முதல் பாடகரும் திரும்பி வருகிறாராம். எங்கள் ஊருக்கும் வருகிறார்களாம். இருவரும் குழந்தைகள் மாதிரி துள்ளினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கு டிக்கெட் வாங்கியாயிற்று. நடுவில் புகுந்து காவல் காக்க எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறே வினை வந்தது.

“உன் ஆளு அந்த நீளப் பாட்டப் பாடினா நான் வெளிய போய் டீ குடிச்சிட்டு வந்துருவேன். நத்தை ஊர்ற மாதிரி இழுப்பான், மாப்ளே” என்றான் அண்ணன்.

“அது கம்பீரம், மச்சான். உனக்கு எங்க புரியும்? நீ கேக்குறது பாட்டா? பல்பொடி விளம்பரம்.”

பல்லை இழுத்திருக்கக் கூடாது. அண்ணன் எழுந்தான். “நீயும் உன் கம்பீரமும் சேர்ந்து போங்க. நான் வரல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பரிமாறிய தட்டு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கச்சேரி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் தட்டைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். “வீம்பு பிடிச்சவன்” என்பார். இவர் மட்டும் என்னவாம்? போனை எடுத்து ஒரு வார்த்தை பேசினால் கிரீடமா இறங்கிவிடும்? எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், அதைவிட பயம். இப்படி ஒன்றுமில்லாததற்குப் பேச்சை நிறுத்தி, ஒரே ஊரில் இருந்துகொண்டு முகம் பார்க்காமலே செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாவின் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து எங்கள் மகள் தன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டோடு சேர்ந்து அந்த நீளப் பாட்டை வாசித்துக் காட்டலாம் என்று ஆசை. வாசித்தாள். சேரவில்லை. ஒரு கட்டை இறக்கிப் பார்த்தாள். அப்போதும் சேரவில்லை, இரண்டு கட்டைகளுக்கு இடுக்கில் போய் நின்றது பாட்டு.

“உன் பெட்டியில கோளாறும்மா” என்றார் இவர்.

மகள் தன் போனில் அதே பாட்டைப் போட்டாள். கீபோர்டு கச்சிதமாகச் சேர்ந்தது. “அப்பா, நம்ம பிளேயர் மெதுவா சுத்துது.”

“போடி. போன்ல வேகமா ஓட்டுறானுங்க. நான் அப்பவே கண்டுபிடிச்சேன். இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை இல்லன்னு கம்பெனிக்காரனே முடுக்கி விட்டுட்டான்.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகள் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிச் சுற்றவிட்டு, கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாள். நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்ற வேண்டிய தட்டு முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் உள்ள மோட்டார்களுக்கெல்லாம் ஜாதகம் சொன்னவர், கூடத்தில் கிடந்த மோட்டாரைக் கேட்கவில்லை. நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி புடவையெல்லாம் கொட்டியது. அவரும் பாவம், கொஞ்சம் பொறுத்துச் சிரித்துவிட்டார்.

பிரித்துப் பார்த்தார். மோட்டாரில் பெல்ட் மாட்டும் குட்டிச் சக்கரத்தை முன்பு வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள். புதிது அளவில் ஒரு மயிரிழை சிறிது. மறுநாள் தெரிந்த லேத்துப் பட்டறையில் சரியான அளவில் ஒன்று கடைந்து கொண்டுவந்து மாட்டினார். பாட்டு ஓடியது. புது மருமகனைப் பார்க்கிற மாமனார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “உங்க அண்ணன் இந்தப் பாட்ட வேற எங்கயாவது கேட்டிருப்பானா?”

“இங்க கேட்டதே அவனுக்குப் போதும்னு சொல்வான். எங்கயும் கேட்டிருக்க மாட்டான்.”

“அப்போ இழுக்குதுன்னு அவன் சொன்னது...”

“இழுத்துச்சுங்க. உண்மையிலயே இழுத்துச்சு. போய்ச் சொல்லுங்க.”

இரண்டு நாள் சொல்லவில்லை. தோற்றதை ஒத்துக்கொள்வது அவருக்கு வேப்பங்காய். மூன்றாம் நாள் காலையில் பிளேயரைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார். “நீயும் வா” என்றார். சாட்சிக்குப் போனேன்.

அண்ணன் பட்டறையில் மேஜை முழுக்கப் பல்வரிசைகள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கீழ்ச்செட்டை மும்முரமாகத் தேய்த்தான். இவர் அச்சுகளை ஒதுக்கிவிட்டு பிளேயரை வைத்தார்.

“மச்சான், இத்தன வருஷமா நீ திட்டினது பாட்ட இல்லடா. என் மோட்டார. நீ சொன்னது சரி.”

அண்ணனுக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ‘நீ சொன்னது சரி’ என்று இவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம் கூடத்தான். கதையைக் கேட்டதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்து இவருக்குப் போட்டான். இவர் தட்டைப் போட்டார். பாதிப் பல்செட்டைக் கையில் பிடித்தபடி நின்றே கேட்டான் அண்ணன்.

“இது ஓடுதே, மாப்ளே!” என்றான் கடைசியில். “குதிரை மாதிரில்ல ஓடுது! மறுபடி போடு.”

அன்று அங்கே யாருக்கும் பல் தயாராகவில்லை.

கச்சேரி அன்று நான் நடுவில் உட்கார்ந்தேன். முதல் பாடகரை ஒருவர் கைபிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். தலை முழுக்க நரை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நீளப் பாட்டு ஆரம்பித்தது. நாலு வரி போனதும் எனக்கே ஏதோ பழகின மாதிரி இருந்தது. பாவம், வயசாகிவிட்டது, பழைய உயரத்துக்கு அவருக்குக் குரல் எட்டாது. அதனால் கட்டையை இறக்கி, மூச்சுவிட இடம் கொடுத்து, எல்லோரும் நிதானமாக வாசித்தார்கள். சக்கரம் மாற்றுவதற்கு முன்னால் எங்கள் கூடத்தில் கேட்ட பாட்டு அப்படியே மேடையில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் திக்கென்றது. டீ குடிக்கப் போகிறேன் என்று அண்ணன் எழுந்துவிட்டால்?

அவன் என் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி இவர் கையைப் பிடித்தான். “உன் மெஷின்ல கேட்ட மாதிரியே பாடுறாருடா” என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நத்தை ஊர்வது என்று அவன் ஆயிரம் முறை ஏசிய அதே வேகத்தைக் கடைசி வரை அசையாமல் கேட்டான்.

இவர் அந்தப் பாட்டுக்காக முப்பது வருஷம் காத்திருந்தவர். மேடை பக்கமே திரும்பவில்லை. என் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.