மூக்குத்தி வேலைக்குப் போன மழைக்காலம்

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பனி முழுதாக விலகவில்லை, சன்னல் கம்பிகளில் இன்னும் ஈரம் இருந்தது. நாளிதழைப் பிரித்த என் மடியில் மூக்குக்கண்ணாடியின் வலது கை கழன்று விழுந்தது. அரை நொடி கழித்து, மொசைக் தரையில் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். இரண்டாவது சத்தம் இல்லை. இரண்டாவது சத்தம் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் உருண்டது என்றாவது தெரிந்திருக்கும். தரையில் நாற்பத்தெட்டுக் கற்கள். ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவினேன். கடுகு ஒன்று, ஊக்கு ஒன்று, எறும்பு பல. திருகாணி மட்டும் இல்லை. அதைத் தேடுவதற்கு வேண்டிய கண்ணாடியே அது இல்லாமல்தான் உடைந்து கிடந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல் கூடியது.

வேலூர்க் கடைத்தெருவில் கண்ணாடிக்கடைப் பையன், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, என் கண்ணாடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"சார், இந்த மாடலுக்கு ஸ்க்ரூ வர்றதில்ல. ஃப்ரேம மாத்திடுங்க. எழுநூறு ரூபாயில இருந்து இருக்குது."

"ஒரு எள்ளு சைஸ் ஸ்க்ரூ போச்சுன்னு மூஞ்சியவே மாத்தச் சொல்றியாப்பா?" என்றேன்.

அவன் ஒரு சிறு டப்பாவைத் திறந்து, கைக்கு வந்த திருகாணியை எடுத்து, திருப்புளியால் அழுத்தித் திருகினான். அது பாதி தூரம் போய் 'நெறுக்' என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மரைக்கு மரை பொருந்தாமல், வலுவுக்குப் பயந்து உள்ளே போகும் திருகாணியின் சத்தம் அது. கண்ணாடியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தணிக்கைத் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பிடிவாதத்துக்குத் துறைதான் காரணம் என்று என் மகன் சொல்வான். துறையில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பு, ஆம்பூரில் ஒரு ஐப்பசி மழையில் அதை நான் என் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ஆறுமுகம் ஊரோரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிப்பவர், 'சார்ட்டர்' என்பார்கள். அதற்கு முன் ஒன்பது வருடம், மயிர் நீங்கத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். குழிக்காரர்களின் கை எப்படியிருக்கும் என்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னால் சாப்பிட முடியாது. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றினால், காலையில் துணியோடு தோலும் வரும். சார்ட்டர் ஆன பிறகுதான் அவர் கையால் சோறு பிசைந்து சாப்பிடுவதை நான் பார்த்தேன். அதுவரை அம்மா உருட்டித்தான் கொடுப்பார்.

சார்ட்டருக்கு உரிய ஆயுதம் 'கேஜ்'. தோலின் கனம் பார்க்கும் கருவி. உள்ளங்கையில் அடங்கும், மேலே கடிகாரம் போல வட்டமும் முள்ளும், கீழே இரண்டு சிறு பித்தளைப் பாதங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் மேல் பாதம் தூக்கும். இடையில் தோலை நுழைத்து விட்டால், முள் சிலிர்த்துப்போய் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். கீழ்ப்பாதத்தை அடியிலிருந்து பிடித்திருந்தது ஒரே ஒரு திருகாணி. அதன் நுனி பாதத்தின் துளைவழியே மேலே வந்து, பாதத்தோடு மட்டமாக நிற்கும். கொஞ்சம் நீளம் கூடினால் தோலைக் குத்தும். கொஞ்சம் குறைந்தால் பாதம் ஆடும், முள் பொய் சொல்லும்.

அந்தக் கேஜை ஒரு வியாழக்கிழமை, வந்தவர் ஒருவருக்குப் பெருமையாக எடுத்துக் காட்டி, பலகையின் விளிம்பில் வைத்தவர் கோதண்டம் மேஸ்திரி. அது விழுந்தது. திருகாணி தெறித்தது. பட்டைத்தூளும் ஆட்டுமயிருமாகக் கிடந்த தரையை அப்பா மாவு சலிக்கும் சல்லடையால் சலித்தும் கிடைக்கவில்லை.

"ஒன் கையில குடுத்த சாமான். சனிக்கிழம தோல் எடுக்க மெட்ராஸ்காரர் வர்றார். கேஜ் இல்லன்னா சார்ட்டர் எதுக்கு? குழியில ஆள் கம்மியாதான் இருக்குது" என்றாராம் மேஸ்திரி.

அப்பா கேஜைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா பெயர் கன்னியம்மாள். தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அப்பா கடைத்தெருவெல்லாம் அலைந்து பொறுக்கி வந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினார்: கடிகாரத் திருகாணி, பூட்டுத் திருகாணி, யாரோ ஒருவரின் பழைய கண்ணாடியிலிருந்து கழற்றியது. என் விரல்தான் சின்னது என்பதால் போட்டுப் பார்க்கும் வேலை என்னுடையது. தீக்குச்சி நுனியில் மெழுகு தொட்டு, அதில் திருகாணியின் தலையை ஒட்டி, துளையில் நிறுத்த வேண்டும். கடிகாரத்தது துளைக்குள் கலகலவென்று ஆடியது. பூட்டினுடையது வாசலிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியினுடையது ஒரு சுற்றுப் போய் முறைத்தது. அப்பா திருப்புளியை எடுத்தார்.

"வெய்யிங்க அத" என்றார் அம்மா. "விரலுக்குப் போகாத ஸ்க்ரூ திருப்புளிக்குப் போனா, அப்புறம் வெளிய வராது. துளையும் போச்சு."

தையல் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சிறு கூட்டில், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி உண்டு. அம்மா அதைக் கழற்றி என் தீக்குச்சியில் ஒட்டினார். அது விரல்நுனிக்கே சுழன்று சுழன்று இறங்கி, பாதத்தோடு மட்டமாக நின்றது. அதற்கென்றே கடைந்ததுபோல் இருந்தது. முள் சைபரில் வந்து அசையாமல் நின்றது. அப்பா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழுதும் அப்பா அந்தக் கேஜால் கனம் பார்த்தார். மழைக்காலம், உலர்த்தும் கொட்டகையில் ஒரு வாரமாகத் தொங்கியும் தோல்கள் முழுதாகக் காயவில்லை. சனிக்கிழமை காலை அடுக்கைப் பிரித்தபோது, அவர் பார்த்த ஒவ்வொரு தோலின் ஓரத்திலும், குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டுபோல, ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

ஆவாரம்பட்டையில் பதமிட்ட ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுக்கும். டேனரியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். ஒரு கத்தியை ஈரத்தோல் மேல் வைத்தால் பக்கத்தில் நிற்பவன் கையைத் தட்டிவிடுவான். அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் துளைக்குப் பொருந்துமா, மரைக்குப் பொருந்துமா, நீளம் சரியா என்று பார்த்துப் பார்த்து எடுத்தவர்கள், தொலைந்துபோனது பித்தளை, இது எஃகு என்பதை மட்டும் பார்க்கவில்லை. அவ்வளவு சின்னதை யாரும் இரும்பு என்று நினைக்கவில்லை.

அன்று பள்ளி இல்லை. நானும் அம்மாவும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நேரத்தில், மெட்ராஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே கார் நின்றது. கோதண்டம் மேஸ்திரி ஒரு தோலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னா ஆறுமுகம், தோலுக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கிற? மாப்ள வீட்டுக்காரங்க வர்றாங்களா?"

வேலையாட்கள் சிரித்தார்கள்.

"ஓரத்தத்தான் வெட்டி எடுத்துடலாம்" என்றார் மெட்ராஸ்காரர். "ஆனா இந்தக் கேஜை வெச்சு மிச்சத் தோலப் பார்க்க முடியாது. கனம் பார்க்காம நான் எடுக்க முடியாது. ஒரு மணிக்கு நான் கிளம்பணும்."

"கேட்டியா? திங்கக்கிழமையிலேர்ந்து நீ குழிக்குப் போ" என்றார் மேஸ்திரி.

அம்மா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"பொட்டு வெச்சது நான்தான் மேஸ்திரி. அது எம் மிஷின் ஸ்க்ரூ. திட்றதா இருந்தா என்னத் திட்டுங்க. கீழ போட்டது யாருன்னு நான் கேக்க மாட்டேன். அது இங்க எல்லாருக்கும் தெரியும்."

மேஸ்திரி கையிலிருந்த தோலைப் பலகைமேல் போட்டார்.

"பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு? பித்தளை ஸ்க்ரூ இருந்தா குடு. இல்லன்னா சோத்த வெச்சிட்டுப் போ."

"பித்தளை இல்ல" என்றார் அம்மா.

பிறகு அவர் செய்ததை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. வலது மூக்கில் போட்டிருந்த சிவப்புக்கல் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் விரலை உள்ளே விட்டுத் திருக ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் போட்டது, அதற்குப் பிறகு கழற்றியதே இல்லை. கண்ணில் நீர் வந்தது, மூக்கோரத்தில் ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. அப்பா "கன்னி, வோணாம்" என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தங்கத் திருகாணி உள்ளங்கையில் விழுந்தது. அதை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"போட்ரா. விரல்லயே போடு."

எஃகைக் கழற்றிவிட்டுத் தங்கத்தை நிறுத்தினேன். மரை சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் தங்கம் மெத்தென்றது, அந்தத் துளை சொன்னபடி கேட்டது. முறைக்காமல், நெறுக்கென்னாமல், துளையின் மரையைத் தன்மேல் வாங்கிக்கொண்டே ஏறியது. நுனி மட்டும் பாதத்துக்கு மேல் துருத்தியது. அப்பா கத்தி தீட்டும் கல்லை எடுத்து அதை மட்டமாக உரசினார். கல்லில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது; அதை அம்மா பார்த்தார்.

மெட்ராஸ்காரர் தன் பையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுத்தகட்டை எடுத்துப் பாதங்களுக்கிடையில் வைத்தார். முள் ஒன்றில் நின்றது. பிறகு இருப்பதிலேயே ஈரமான தோலைக் கேட்டு வாங்கி, அதைக் கேஜின் பாதங்களில் கடிக்கவிட்டு, அப்படியே பலகைமேல் வைத்துவிட்டு, டீ கொண்டுவரச் சொன்னார். அவர் டீ குடித்த வேகத்தில் நான் யாரையும் பார்த்ததில்லை. அதாவது, அவ்வளவு மெதுவாக. முதலில் ஊதினார், பிறகு குடித்தார், பிறகு மேஸ்திரியிடம் மழையைப் பற்றிக் கேட்டார். அப்பா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். டம்ளரை வைத்துவிட்டு, அவர் கேஜை விடுவித்துத் தோலை வெளிச்சத்தில் பிடித்தார்.

பொட்டு இல்லை.

"ஆரம்பிங்க ஆறுமுகம்" என்றார். மேஸ்திரிக்குக் குழி ஞாபகம் அதற்குப் பிறகு வரவில்லை.

எஃகுத் திருகாணியை அம்மா அன்று மாலையே மிஷினில் போட்டு, பாதியில் நின்ற ரவிக்கையைத் தைத்து முடித்தார். மூக்கில் ஒரு வேப்பங்குச்சி. தெருக்குழாயில் அதை யாரும் சும்மா விடவில்லை.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, மூக்கு மூளியா வந்து நிக்கிறியேடி?"

"மூக்குத்தி டேனரிக்கு வேலைக்குப் போயிருக்குதுக்கா. ஓவர்டைம். வர்றதுக்கு நேரமாவும்" என்றார் அம்மா.

ஒரு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து பித்தளைத் திருகாணி வந்தது. தங்கத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'அது கேஜோட சேர்ந்த சாமான்' என்றார் மேஸ்திரி. அம்மா டேனரி கேட்டில் போய் நின்றார். சத்தம் போடவில்லை, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "எம் மூக்குத்தி உள்ள வேலையில இருக்குது, கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார். மதியத்துக்குள் முதலாளி சாயபு காதுக்கு அது எட்டியது; அவர் திருகாணியை ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

ஆனால் அது மூக்குத்தியில் திரும்ப ஏறவில்லை. மேலிருந்த மரை இப்போது கேஜினுடையது, நீளமும் போதவில்லை. புதிதாக ஒன்று செய்துபோடலாம் என்று அப்பா வருடா வருடம் தீபாவளிக்குக் கேட்பார். அம்மா சம்மதிக்கவே இல்லை. "மூக்குல இருந்தா சும்மா மினுக்கும். அங்க அது உருப்படியா ஒரு வேல செஞ்சிது" என்பார். மூக்கின் துளை தூர்ந்துபோயிற்று. அந்தத் திருகாணியை அவர் நகைப்பெட்டியில் வைக்கவில்லை. மிஷின் இழுப்பறையில், பாபின்களோடும் ஊசிகளோடும், வேலைக்கு உரிய சாமான்களோடு போட்டு வைத்தார். அப்பா ஓய்வு பெறும் வரை சார்ட்டராகவே இருந்து, தன் கையாலேயே சாப்பிட்டார்.

அந்த மிஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. கண்ணாடிக்கடையிலிருந்து திரும்பி வந்து அதன் இழுப்பறையைத் திறந்தேன். மறுநாள் ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு நகைப் பட்டறையைத் தேடிப் பிடித்தேன். பட்டறைக்காரர் கண்ணாடியையும் திருகாணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பெரியவரே, தங்கம் மெத்து. கொஞ்ச நாள்ல தேஞ்சிடும்."

"நான் தேயறதுக்குள்ள தேயாது. போடுங்க."

"வூட்ல ஞாபகமா வெச்சிக்கிற பொருளுபோல இருக்குதே..."

"ஞாபகமா வெச்சது இல்ல. வேல இல்லாம இருந்திச்சு. இப்ப வேல வந்திடிச்சு."

அவர் சிரித்துக்கொண்டே நுனியைக் கொஞ்சம் நறுக்கி, தலையை ராவி, விரலாலேயே உள்ளே திருகினார். நெறுக்கென்று ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வலது கண்ணோரத்தில் சின்னதாக ஒன்று மினுக்குகிறது.

டேனரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. கேஜ்கள் பொத்தானை அமுக்கினால் எண் காட்டுகின்றன, உடைந்தால் எறிந்துவிடுகிறார்கள். போகட்டும், அதற்கெல்லாம் நான் அழப்போவதில்லை. சுண்ணாம்புக் குழியில் மனிதன் இறங்குவதும் போயிற்று என்றால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு திருகாணிக்காக முழுவதையும் மாற்று என்று எவனாவது சொன்னால், அது மாத்திரம் என்னிடம் நடக்காது. என் மகன் தொலைபேசியில், "எழுநூறு ரூபாய்க்குப் புதுசே வந்திருக்குமேப்பா, இதுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான். தரையில் தேடுவதற்கு வாங்கிய பூதக்கண்ணாடி நூற்று எண்பது, ஆம்பூருக்குப் போய்வரப் பேருந்து தொண்ணூறு, டீ பதினைந்து, பட்டறைக் கூலி அறுநூறு. கூட்டிச் சொன்னேன், கூச்சப்படாமல்: எண்ணூற்று எண்பத்தைந்து ரூபாய்.