துணி ரோல் ஏறும் ராம்ப்பில் ஜெபராணி மேடம்

1. பின்பக்க ராம்ப்

ஜெபராணி மேடத்தின் சக்கர நாற்காலி ராம்ப்பின் பாதியில் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"கீழ இறக்கிட்டுக் கையை எடுங்க சார்" என்றார்.

அவிநாசிபாளையம் பக்கம் ஒரு பின்னலாடைக் கல்லூரி அது. பழைய பிளாக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேட்டர்ன் லேப் பிளாக்கை நான்தான் கட்டினேன். ஜெபராணி மேடம் பேட்டர்ன் மேக்கிங், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம் வரையச் சொல்லித்தரும் ஆசிரியை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். பழைய பிளாக்கில் அவரை இரண்டு அட்டெண்டர்கள் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள். ஒருத்தர் லீவு போட்டால் அன்றைக்கு மேடத்துக்கும் லீவுதான். புது லேபுக்கு அவரையே இன்சார்ஜாகப் போட்டிருந்தார்கள். காலை எட்டரைக்குச் சாவியோடு வந்து திறக்க வேண்டும். அட்டெண்டர்கள் வருவதோ ஒன்பது மணிக்கு. தனியாக ஏற முடியாவிட்டால் சாவி வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

இருபத்தெட்டு வருஷமாக நான் கட்டியதெல்லாம் பனியன் கம்பெனிகள். ராம்ப் என்றால் எனக்குத் துணி ரோல் ஏற்றும் ட்ராலி போகிற ராம்ப்தான்: ஆறடிக்கு ஓரடி ஏற்றம், இடம் ஜெனரேட்டர் பக்கம். தரைமட்டத்திலிருந்து மூன்றடி உயரம், ஆக பதினெட்டடி. யோசிக்காமலே கை அதை வரைந்துவிட்டது. ட்ராலியை ரெண்டு பேர் தள்ளுவார்கள் என்பது நினைவுக்கே வரவில்லை.

கல்லூரித் தாளாளர் சமாதானம் சொன்னார். "அட உடுங்க மேடம். வாட்ச்மேனை உட்டுத் தள்ளச் சொல்லீரலாமுங்க."

"ஏன் சார், நான் என்ன துணி ரோலா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க மேடம், இத்தன வருசமா இதே ஸ்லோப்புதான் போடறனுங்க. ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லீங்க."

"ரோலு எப்படி சார் கம்ப்ளெயின்ட் பண்ணும்?" என்றார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

2. காருக்கு நிழல்

மறுநாள் காலையில் கோபம் போய் வெட்கம் வந்திருந்தது. திரும்பிப் போய் அளந்தேன். சக்கர நாற்காலிக்கான கணக்கு பன்னிரண்டடிக்கு ஓரடி; அப்படியென்றால் முப்பத்தாறு அடி. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள ஐந்தடிக்குச் சமதளம். மொத்தம் நாற்பத்தொன்று. அவ்வளவு நீளம் கிடைத்த ஒரே இடம், இரண்டு பிளாக்குக்கும் நடுவே இருந்த சந்து. கேட்டிலிருந்து நேராக வரும் வழியும் அதுதான். ஆனால் அங்கே தாளாளரின் கார் நிற்கும், நல்ல நிழல்.

"முன்னால ராம்ப்ப வெச்சா ஆஸ்பத்திரியாட்டம் ஆயிருமுங்க" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "என்ற காரை எங்கீங்க உடறது?"

"பின்னால, ஜெனரேட்டர் பக்கத்துல ஷெட்டுப் போட்டுத் தர்றனுங்க சாமி."

"அந்தச் சூட்டுலயா? அதுக்குப் பதிலா லேபுக்கு வேற ஆளப் போட்டுக்கலாமுங்க."

அந்தச் சொல்லை ஜீரணிக்க முடியவில்லை. "கேட்டுல வெச்சிருக்கற பிளக்ஸ்ல, வேலை கெடச்சதுன்னு சிரிச்சுட்டு நிக்கறாங்களே, அந்தப் பசங்களுக்குப் பேட்டர்ன் போடச் சொல்லிக் குடுத்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. தாளாளர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காரைத் தானாகவே பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

நான் போட்ட கான்கிரீட்டை நானே பிரேக்கர் மிஷின் வைத்து உடைக்கச் சொன்னேன். லேபின் பக்கச் சுவரில் ஜன்னல் இருந்த இடத்தில் வாசலைத் திறந்தேன். இந்தத் தடவை வரைவதற்கு முன்னால் மேடத்திடம் கேட்டேன். கைப்பிடி எந்த உயரம், வாசல் முன்னால் நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். "ஓரத்துல சின்னதா ஒரு கட்டை கட்டுங்க சார், இல்லன்னா முன்வீல் வெளிய எறங்கிரும்" என்றார். இதற்கென்று எந்தப் புத்தகத்தையும் நான் புரட்டியிருக்க மாட்டேன். அவரிடம் கேட்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

3. எட்டரை மணி

இளம் என்ஜினீயர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ராம்ப் வேண்டும் என்று யாராவது வந்தால், அதில் ஏறப்போவது யார் என்று கேளுங்கள். அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம் பென்சிலை எடுங்கள்.

முன்பக்கத்தில் தாளாளர் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன ஏழு படிகளும் கிரானைட்டில் பளபளக்கின்றன. அதில் ஒருத்தரும் ஏறுவதில்லை. கேட்டிலிருந்து ராம்ப்தான் நேர்வழி.

லேப் திறந்த அன்று, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். எட்டரைக்கு மேடம் வந்தார். கூட நடந்து வந்த ஒரு மாணவி ஸ்லீவ் அளவில் ஏதோ சந்தேகம் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே சக்கரத்தைத் தள்ளினார். சமதளத்தில் ஒரு நிமிஷம் நின்றார். மறுபடி தள்ளினார். மேலே வந்து சாவியை எடுத்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சார், கிளாசுக்கு நேரமாவுது" என்றார். "கொஞ்சம் வழி விடுங்க."

நகர்ந்து நின்றேன்.