பன்னிரண்டாவது ஆள்

குளித்த தலை காய்வதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்து, முந்தைய நாள் யார் எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கூலியில்லாமல் எழுதும் கூட்டத்தில் அவரும் ஒருவர். எட்டரைக்கு வீடுவீடாகக் குடிநீர் மீட்டர் பார்க்கக் கிளம்பியாக வேண்டும்; அதற்குள் உலகத்துப் பொய்களைக் களைந்துவிடப் பார்க்கிறார். ஒரு நடிகருக்கு யாரோ ஐந்து வயதைக் குறைத்திருந்தால் பழைய வயதைத் திருப்பிக் கொடுப்பார். ஒரு பாலத்துக்கு இரண்டு தூண்கள் கூடியிருந்தால் இடித்துவிடுவார். தனக்கு முன்பே வேறொருவர் ஒரு தவற்றைத் திருத்தியிருந்தால், அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘நன்றி’ பொத்தானை அழுத்துவார். நிஜமாகவே நன்றி சொல்ல வேண்டுமா என்று அது மறுபடி கேட்கும். ‘ஆம்’ என்பார். இதில் ஒருநாளும் தவறியதில்லை.

கூட எழுதுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சான்று சார்’. அச்சில் வராத எதையும் கட்டுரைக்குள் விடமாட்டார். வாயைத் திறந்தால் “எதுல போட்டிருக்கு?” எதிர்வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று மனைவி சொன்னபோதும் அதையே கேட்டார். “தொட்டில்ல போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்தம்மா.

அவரும் ‘ஆந்தை’ என்ற புனைபெயர்க்காரர் ஒருவரும் ஏழு வருடமாகச் சேர்ந்து இழைத்த கட்டுரை ஒன்று உண்டு. இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆந்தை நூலகங்களில் பழைய நாளிதழ்களைத் துழாவிப் படமெடுத்து அனுப்புவார். இவர் வரிவரியாக அடுக்குவார். இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு பெயின்ட் ஆலையில் நடந்த தீ விபத்தைப் பற்றியது அது. ‘இறந்தவர்கள் பதினொரு பேர்.’ அந்த ஒரு வரிக்கு மட்டும் நான்கு சான்றுகள்.

பன்னிரண்டாவது ஆள் இவருடைய அண்ணன். காய்ச்சலில் கிடந்த நண்பனுக்குப் பதிலாக, அவனுடைய அட்டையைக் காட்டி அன்று ஒரு ஷிப்ட் உள்ளே போனவர். உடல் கிடைக்கவில்லை. அட்டைக்குரியவன் உயிரோடு இருந்ததால் பதிவேட்டில் ஆள் குறையவில்லை. வேலை போய்விடும் என்று அந்த நண்பன் வாயைத் திறக்கவே இல்லை. ஆலை சொன்ன எண்ணை நாளிதழ்கள் அப்படியே போட்டன. எங்காவது ஒரு மூலையில் யாராவது உண்மையை எழுதியிருப்பார்கள், தோண்டத் தோண்ட அகப்பட்டுவிடும் என்று நம்பித்தான் இவர் அந்தக் கட்டுரையைத் தொடங்கினார். ஆந்தையிடம்கூடச் சொன்னதில்லை. சொந்தக்காரன் வாய்ச்சொல் சான்றாகாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான். போன மாதம் மிச்சமிருந்த கடைசி நாளிதழும் வந்து சேர்ந்தது. அதிலும் பதினொன்றுதான்.

போன வாரம் பெயரில்லாத யாரோ அதைப் பன்னிரண்டு ஆக்கியிருந்தார். இவருக்கு நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. சான்று இருக்கிறதா என்று தேடினார். இல்லை. எதில் வந்தது என்று பணிவாகக் கேட்டு எழுதிவிட்டு, எண்ணைப் பழையபடி பதினொன்றாக்கினார். பதில் வரவில்லை, பன்னிரண்டு மட்டும் மறுபடி வந்தது. மூன்றாம் முறை, வேலைவெட்டி இல்லாத எவனோ விளையாடுகிறான் என்று கோபம் வந்து, இனியும் மாற்றினால் தடை செய்யப்படுவீர்கள் என்று எச்சரிக்கை போட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணி கைபேசியோடு வந்து நின்றார். அண்ணன் போனதிலிருந்து இதே வீட்டில்தான் இருக்கிறார்.

“யாரோ என்னை மெரட்டறான் தம்பி. என்னன்னு பாரு.”

திரையில் இருந்தது இவர் போட்ட எச்சரிக்கை. கீழே ‘சான்று சார்’ என்றிருந்தது. அந்தப் பெயர் அண்ணிக்குத் தெரியாது. மறைத்திருக்கலாம். இவருக்கு அது வராது. நான்தான் அண்ணி என்று ஒப்புக்கொண்டு விதிகளைச் சொன்னார். நாளிதழ் வேண்டும், புத்தகம் வேண்டும், ஒரு துண்டறிக்கையாவது வேண்டும். அண்ணி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“இருபது வருஷமா அவரு இல்லாம கெடக்கறேன். அது எதுல போட்டிருக்கணும் தம்பி?”

அன்று இவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் “எதுல போட்டிருக்கு?” என்று கேட்கவும் இல்லை.

இன்று காலை அண்ணி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஒரே ஒரு தடவை நீயே மாற்றேன் என்றார். தன் பெயரில் செய்ய இவருக்குக் கை வரவில்லை. கணக்கிலிருந்து வெளியேறி, பெயரில்லாத ஒருவராக, பன்னிரண்டு என்று போட்டார். அண்ணி குனிந்து அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். இவருக்கும் பார்க்கப் பார்க்க அது சரியாகவே இருந்தது.

நான்கு நிமிடம்தான் அது நின்றது. பிறகு பதினொன்று ஆகிவிட்டது. மாற்றியவர் ஆந்தை. ‘அதே விஷமி மறுபடி, சார். நல்லவேளை பார்த்தேன்’ என்று ஒரு குறிப்பும் விட்டிருந்தார்.

அண்ணி நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். இவர் தன் பெயரில் திரும்ப உள்ளே போய், ஆந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ‘நன்றி’ பொத்தானை அழுத்தினார். நிஜமாகவே நன்றி சொல்ல வேண்டுமா என்று அது கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.